கோபத்தோடு ஜெபிக்கலாமா? அண்ணன்மேல் இருக்கிற எரிச்சலைக் கர்த்தரிடம் எப்படிச் சொல்வது?

பாளை_மகள் | செவ்வாய், இரவு 11:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. கடைசி ஒன்றரை வருஷம் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, தலைமாட்டை உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு நான்தான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எங்கம்மாவுக்குத்தானே செய்தேன். அண்ணன் சென்னையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளின் லீவுக்கும் வருவான்.

அம்மா இறந்து நாற்பதாம் நாள் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அண்ணன் ஒரு ஃபைலை எடுத்தான். வீடு அவன் பேருக்கு செட்டில்மென்ட் ஆகி இரண்டு வருஷம் ஆகிறதாம். பதிவு வீட்டிலேயே வைத்து நடந்திருக்கிறது. பத்திரத்தில் அம்மாவின் இடது பெருவிரல் ரேகை.

அது எந்த நாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மகளைக் காலேஜில் சேர்க்க மதுரைக்குப் போயிருந்தேன். 'நான் லீவு போட்டு வந்து அம்மாவைப் பாத்துக்கிறேன், நீ நிம்மதியாப் போய்ட்டு வா' என்று அண்ணன் வந்திருந்தான். இவனுக்கு இவ்வளவு நல்ல மனசைக் கொடுத்தீரே என்று பஸ்ஸில் போகும்போதே கர்த்தருக்கு நன்றி சொன்னேன். ராத்திரி திரும்பி வந்து அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது பார்த்தால் இடது பெருவிரலில் நீல மை. 'இது என்னம்மா?' என்று கேட்டேன். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். முழுசாகப் போகவில்லை. நகக்கண்ணில் நாலு நாள் இருந்தது.

இப்போது என் கஷ்டம் என்னவென்றால், ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று வருகிற இடத்தில் நின்றுவிடுகிறேன். சபையில் மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை உதட்டை மட்டும் அசைக்கிறேன். ஜெபக்குழு அக்கா ஒருவர், 'மன்னிச்சிட்டேன்னு தினமும் வாயால அறிக்கை பண்ணு, உணர்வு தானா வரும்' என்றார்கள். மூன்று வாரம் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் யாரோ 'பொய்' என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. தூக்கமும் போய்விட்டது.

இந்தக் கோபத்தை இருக்கிறபடியே அவர் முன்னால் கொண்டுபோகலாமா? இல்லை, முதலில் இதை அடக்கிவிட்டுத்தான் போக வேண்டுமா?

மெர்சி_கோவை | புதன், காலை 5:15

அக்கா, நகக்கண்ணில் நாலு நாள் இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்னாள் தேவாலயத்தில் அழுதபோது, உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்து ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் சொன்ன பதில், 'என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன்' என்பது. பாத்திரத்தைக் கவிழ்த்து ஊற்றும்போது அடியில் கிடக்கிற வண்டலும் சேர்ந்துதான் வரும். தெளிந்ததை மட்டும் ஊற்றினேன் என்று அவள் சொல்லவில்லை.

உதட்டை மட்டும் அசைக்கிறேன் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அசைவும் அவருக்குக் கேட்கும் அக்கா.

ஜெபவீரன்_77 | புதன், காலை 9:02

சகோதரியின் வேதனை புரிகிறது. ஆனால் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே' என்று யாக்கோபு எழுதுகிறார். கசப்பும் கோபமும் மூர்க்கமும் கூக்குரலும் உங்களைவிட்டு நீங்கக்கடவது என்று எபேசியர் நாலாம் அதிகாரம் சொல்கிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரின் கதி என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். தேவ சமுகத்துக்கு நன்றியோடு போக வேண்டும், குற்றப்பத்திரிகையோடு போகக் கூடாது.

இதைக் கடினமாகச் சொல்லவில்லை. என் தகப்பனார் தன் தம்பிமேல் இருந்த கோபத்தை இருபது வருஷம் தினமும் காலை ஜெபத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் பாயில் படுத்தபடி கேட்டு வளர்ந்த பிள்ளைகள். சித்தப்பாவின் சாவுக்கும் அவர் போகவில்லை. ஜெபத்தில் வைத்தே கோபத்தை வளர்க்கவும் முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் பயப்படுகிறேன்.

ஓய்வு_உபதேசியார் | புதன், இரவு 8:30

நாசரேத் பக்கம் முப்பத்திநாலு வருஷம் கிராம சபைகளில் உபதேசியாராக இருந்தவன். கண் மங்கிவிட்டது, பேரன் தட்டச்சு செய்கிறான்.

தம்பி ஜெபவீரன் முறுமுறுப்பைப் பற்றிச் சொன்னது சரியான இடம். அதே எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து முழுக்கப் படியுங்கள். தொடக்கத்தில் ஜனங்கள் முறையிடுகிறார்கள், பாளயத்தின் கடைசியில் அக்கினி பற்றுகிறது. அந்த இடத்துக்குத் தபேரா என்று பேர். பிறகு மறுபடியும் இறைச்சிக்காக அழுகை, அவரவர் தங்கள் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். கர்த்தருக்குக் கோபம் மூளுகிறது. அடுத்த வசனத்தில் மோசே வாயைத் திறக்கிறான். அவன் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். 'இந்த ஜனங்களையெல்லாம் கர்ப்பந்தரித்தேனோ? இவர்களைப் பெற்றது நானோ?' என்கிறான். இப்படித்தான் நடத்துவீரென்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறான். ஜனங்கள் பேசினதைவிட இது எவ்வளவோ காரமான பேச்சு.

அவன்மேல் அக்கினி விழுந்ததா? இல்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உன்னோடே கூடப் பாரத்தைச் சுமப்பார்கள் என்று பதில் வருகிறது. ஒரே அதிகாரம், ஒரே பாளயம், இரண்டு பக்கமும் மனக்குறைதான். ஜனங்கள் கூடார வாசலில் நின்று கர்த்தரைப் பற்றிப் பேசினார்கள். மோசே கர்த்தரிடத்தில் பேசினான். முறுமுறுப்புக்கும் முறையீட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, காரத்தின் அளவில் இல்லை.

யோபுவும் அப்படித்தான். கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூளுகிறது? அதிகாரம் அதிகாரமாக வாதாடிய யோபுவின்மேல் அல்ல. கர்த்தருக்கு வக்காலத்து வாங்கி அழகாகப் பேசிய சிநேகிதர்கள்மேல். 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்கிறார்.

மகளே, பொய் என்று உன் நெஞ்சு சொல்கிறது என்றால் நெஞ்சு சரியாகத்தான் இருக்கிறது. ஆகாத மன்னிப்பை ஆயிற்று என்று அவரிடமே சொல்லாதே. 'எனக்கு அவனைக் கண்டால் பற்றி எரிகிறது, மன்னிக்க எனக்கு மனசில்லை' என்று சொல். அதுவும் ஜெபம்தான்.

கடலோரம் | வியாழன், காலை 7:20

நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டக் கடற்கரை ஊர். உபதேசியார் ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திர விளக்குகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. அன்று காலை கடல் உள்ளே வந்ததில் சித்தப்பாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். சின்னவளை மூன்றாம் நாள்தான் எடுத்தோம்.

அதற்குப் பிறகு பாட்டி கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் கடற்கரைக் குருசடி முன்னால் போய் நிற்பாள். அங்கே மாதா சுரூபம் இருக்கிறது. 'நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவதானே? உனக்குத் தெரியாதா? கேட்டுச் சொல்லப்புடாதா உம் மவங்கிட்ட?' என்று சத்தமாகத் திட்டுவாள். ஊரில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள், பாவம் பாவம் என்றார்கள். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் இளவயதுக்காரர். வந்தார், தடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டி பக்கத்தில் மணலில் நின்றார். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசினதாக நினைவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தவக்காலத்தில் ஒரு நாள் பாட்டி கையில் மெழுகுவத்தியோடு போனாள். திட்டு நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், அன்றைக்கும் திட்டினாள். அந்தத் திட்டுக்கு நடுவிலேயே கடலுக்குப் போயிருந்த மற்ற வீட்டுப் பிள்ளைகளின் பேர்களைச் சொல்லி, 'இதுகளையாவது கரை சேத்துடு' என்றாள். அந்த இடத்தில்தான் ஏதோ மாறியது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது, எதுவும் புரியவில்லை.

எங்கள் சபையிலும் இந்தத் தயக்கம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். குருக்களும் துறவிகளும் தினமும் செபிக்கிற திருப்புகழ்மாலையை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சீர்திருத்தினார்கள். 1971-ல் வந்த அந்தப் பதிப்பில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை (நீங்கள் சங்கீதம் என்பதைத்தான் சொல்கிறேன்) முழுசாகவே விட்டுவிட்டார்கள். எதிரிகளைச் சபிக்கிற பாடல்கள் அவை. 137-இன் கடைசி வரிகளும் இல்லை. ஏன் விட்டார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் அவை திருவிவிலியத்தில் இருக்கத்தானே செய்கின்றன? பாட்டி மாதிரி ஒருத்திக்கு அந்த வரிகள் வேண்டியிருந்தன.

ஜெபவீரன்_77 | வியாழன், மதியம் 1:10

மோசேயின் இடத்தை இப்படிப் பார்த்ததில்லை ஐயா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கீதம் 109 எனக்கு இன்றும் நெருடல்தான். 'அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகக்கடவது' என்று ஒருவன் ஜெபிக்கலாமா? சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று கர்த்தர் சொன்ன பிறகுமா? எங்கப்பா அந்தச் சங்கீதத்தைத்தான் வாசிப்பார்.

ஓய்வு_உபதேசியார் | வியாழன், இரவு 9:00

தம்பி, உன் அப்பாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவருடைய காயம் எனக்குத் தெரியாது.

109-ஐ நான் ஒருவனுக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஆனால் ஒருவன் தானாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், அந்தச் சங்கீதக்காரன் கையில் என்ன இருந்தது என்று பார் என்பேன். அவன் அரிவாளைத் தூக்கவில்லை, வாயை மட்டும் திறந்தான், அதையும் நியாயாதிபதியின் சந்நிதியில் திறந்தான். 'பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்' என்கிறார் கர்த்தர். அவருக்குரியதை அவரிடம் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் நம் மடியிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும் அல்லவா? எடுத்து வைக்கும்போது அது அசிங்கமாகத்தான் இருக்கும்.

உன் அப்பா வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அநேகர் அப்படித்தான் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

இன்னொன்று. மனதில் இருந்ததைச் சொல்லி முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். யோனாவைப் பாருங்கள். அழியும் என்று தான் அறிவித்த நினிவே தப்பித்துவிட்டது என்று அவனுக்குக் கடும் எரிச்சல். கர்த்தர் அவனை அதட்டவில்லை. 'நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?' என்று கேட்கிறார். ஆமணக்குச் செடி பட்டுப்போனபோது மறுபடியும் அதே கேள்வி. அந்தப் புஸ்தகமே கர்த்தருடைய கேள்வியோடுதான் முடிகிறது, யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியில்லை. நாம் பேசி முடித்த பிறகு அவர் கேட்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கால்மணி நேரம் சும்மா உட்கார். உன் கோபம் நிஜத்தில் எதன்மேல் என்று அவர் கேட்பார்.

வார்டு_நர்ஸ் | வெள்ளி, அதிகாலை 4:40

நைட் டூட்டி இடைவெளியில் எழுதுகிறேன். மனநலப் பிரிவில் இருப்பதால் இந்த விஷயத்தில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கொஞ்சம் தெரியும்.

கொட்டித் தீர்த்தால் கோபம் போய்விடும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-ல் 600 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை வேறு மாதிரிச் சொன்னது. கோபமூட்டியவனை மனதில் நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறியது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். பிறகு 2011-ல் அவரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் ஜெபத்தை எடுத்துக்கொண்டார்கள். அவமதிக்கப்பட்டவர்களில் சிலரை இன்னொருவருக்காக ஜெபிக்கச் சொன்னார்கள், சிலரை அந்த ஆளைப் பற்றி வெறுமனே நினைக்கச் சொன்னார்கள். ஜெபித்தவர்களின் கோபம் குறைந்திருந்தது.

கடலோரம் அண்ணன் எழுதிய பாட்டியைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. மற்ற பிள்ளைகளின் பேரைச் சொன்ன நாள். ஜெபவீரன் அண்ணனின் அப்பாவுக்கு அந்த நாள் வரவில்லை போலிருக்கிறது.

பாளை அக்கா, நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவிலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களா? ஒவ்வொரு தடவையும் உடம்பு முதல் நாள் மாதிரியே துடிக்கும், தூக்கம் போவது அதனால்தான். அதை நிறுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கடைசிவரை சொல்லுங்கள். முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடியுங்கள். அப்புறம் வேறு யாராவது ஒருவரின் பேரைச் சொல்லுங்கள். அண்ணன் பேராக இருக்க வேண்டும் என்று இல்லை. மூக்குக் குழாயோடு இந்நேரம் எங்கோ படுத்திருக்கிற ஒரு அம்மாவுக்காக இருக்கலாம். தூக்கமில்லாமை இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரையும் பாருங்கள் அக்கா, ஜெபம் அதற்குக் குறுக்கே நிற்காது.

ஆரூர்_வாசகன் | வெள்ளி, மாலை 6:15

நான் சைவன். உங்கள் பகுதிக்குள் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்களுக்குச் சுந்தரர் இருக்கிறார். இறைவனோடு வன்மையாகப் பேசியவர், அதனாலேயே வன்தொண்டர் என்று பேர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் 'கோயிலில் இருக்கிறீரா?' என்று கேட்டதற்கு 'உளோம் போகீர்' என்று பதில் வந்தது, கூடவே ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றதற்காகத் திருவாரூரில் நின்று பாடினார்.

'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி' என்று அந்தப் பதிகம் தொடங்கும் பாட்டிலேயே வருகிறது. சுடர் விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கிற தீ, வெளியே தெரிவது வாடிய முகம் மட்டும். சகோதரி சபையில் உதட்டை மட்டும் அசைத்து நிற்கிறாரே, அந்த முகம். அடுத்த பாட்டில், 'குற்றம் ஒன்றும் செய்ததில்லை கொத்தை ஆக்கினீர்' என்கிறார். கொத்தை என்றால் குருடு. 'நீரே பழிப்பட்டீர்' என்கிறார். 'மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே' என்று முடிக்கிறார். நீராவது நல்லா இரும் என்று எங்கள் ஊரில் மனம் கசந்து சொல்வார்களே, அதே தொனி.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது என்னவென்றால், குற்றம் அவருடையதுதான். சத்தியத்தை மீறியவர் அவர். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் சொல்வது நியாயமே இல்லை. ஆனாலும் கண் கிடைத்தது, அந்தப் பாட்டும் ஏழாம் திருமுறையில் இருக்கிறது, இன்றும் சந்நிதியில் பாடப்படுகிறது. நியாயமான கோபத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். தப்பான கோபமும் அங்கே போய்த்தான் தெளியும்.

மெர்சி_கோவை | வெள்ளி, இரவு 7:05

ஐயா, நீங்கள் பொறுக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. 'மூளாத் தீ' என்ற வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டேன்.

பெயர்_வேண்டாம் | சனி, நள்ளிரவு 12:50

எனக்கு மனுஷர்மேல் கோபம் இல்லை. அவர்மேல்தான். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆறு வருஷம் காத்திருந்து வந்தது. யாரைக் கேட்டாலும் அவருக்கு ஒரு திட்டம் இருக்கும் என்கிறார்கள். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. என்ன ஜெபிப்பது?

ஓய்வு_உபதேசியார் | சனி, காலை 6:00

அம்மா, ஒன்றும் ஜெபிக்க வேண்டாம். சங்கீதம் 88-ஐத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவிலாவது ஒரு நம்பிக்கை வார்த்தை வரும். இதில் அது இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைக்கத் தேவன் வெட்கப்படவில்லை. திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை. நானும் என் வீட்டுக்காரியும் இன்று உன் பிள்ளையை நினைத்து ஜெபிக்கிறோம்.

பெயர்_வேண்டாம் | சனி, காலை 6:20

பிள்ளையை நினைத்து என்று யாரும் இதுவரை சொன்னதில்லை ஐயா. நன்றி.

பாளை_மகள் | திங்கள், காலை 10:30

எல்லாருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். நர்ஸ் தங்கச்சி கேட்டது உண்மைதான், பெரியம்மா மகளிடம் மட்டும் ஒரே வாரத்தில் நாலு தடவை சொல்லியிருக்கிறேன்.

நேற்று விடியற்காலை நாலு மணிக்கு அடுக்களையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முதல் வேளைக் கஞ்சி வைக்கிற நேரம் அது, உடம்பு இன்னும் தானாக எழுந்துவிடுகிறது. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அண்ணன் பேரைச் சொன்னேன். மதுரை பஸ்ஸில் நான் நன்றி சொன்னேனே, அப்போது உமக்குத் தெரியும்தானே, என்னை ஏன் சொல்லவிட்டீர் என்று கேட்டேன். அதைக் கேட்டதும் சத்தம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு உபதேசியார் ஐயா சொன்னபடி சும்மா இருந்தேன். கேள்வி கேட்ட மாதிரி குரல் எதுவும் வரவில்லை. அந்த விரல்தான் வந்தது. நீல மை, நகக்கண், நான் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். 'ஏம்மா எங்கிட்ட சொல்லல?' என்று வாயில் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இத்தனை நாளும் என் கோபம் அம்மாமேல். செத்துப்போன தாயின்மேல், நான் நாலு வருஷம் குழந்தை மாதிரிப் பார்த்தவர்கள்மேல் கோபப்படுகிறேன் என்று ஒப்புக்கொள்ள முடியாமல், எல்லாவற்றையும் அண்ணன் தலையில் வைத்திருந்தேன். அவன் செய்தது தப்புதான், அது வேறு.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியாது. நேற்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

ஜெபவீரன்_77 | திங்கள், மதியம் 12:15

சகோதரி, என் முதல் பதிவில் நான் பேசியது உங்களிடம் அல்ல, எங்கப்பாவிடம் பேசியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. வருத்தம் கொடுத்திருந்தால் மன்னியுங்கள்.

ரத்தினம்_திருச்சி | திங்கள், மாலை 4:00

ஆவிக்குரிய விஷயம் எல்லாம் சரி, வீடு என்ன ஆகும்? கோபத்தை விடுவது என்றால் வீட்டையும் விட்டுவிடுவதா? படுக்கையில் இருந்த அம்மாவுக்கு என்ன எழுதுகிறார்கள் என்று புரிந்ததா, யாராவது வற்புறுத்தினார்களா என்பதெல்லாம் கோர்ட்டில் கேட்கக்கூடிய கேள்விகள். காலதாமதம் ஆனால் கஷ்டம். பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு நல்ல சிவில் வக்கீல் ஒருவரைப் பாருங்கள் அம்மா.

ஓய்வு_உபதேசியார் | திங்கள், இரவு 8:10

ரத்தினம் ஐயா சொல்வது சரி. லூக்கா 18-ல் இயேசு ஜெபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யாரை எடுத்துக்காட்டினார்? வழக்காடுகிற ஒரு விதவையை. 'எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்' என்று அவள் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். கேட்டது தப்பு என்று அவர் சொல்லவில்லை. வக்கீலைப் பார் மகளே. எரிச்சலோடு போகிறவர்களைவிடத் தூங்கி எழுந்து போகிறவர்கள் தெளிவாகப் பேசுவார்கள்.

பாளை_மகள் | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:45

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது என்று தோன்றியது.

வக்கீலைப் பார்த்தேன், நோட்டீஸ் போயிருக்கிறது. அது அதன் வழியில் நடக்கும்.

கோபம் ஒரேயடியாகப் போகவில்லை. நாலு மணி ஸ்டூலில் இன்னும் உட்காருகிறேன். சில நாள் பத்து நிமிஷத்தில் முடிகிறது, சில நாள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிந்ததும் 'பெயர் வேண்டாம்' என்று எழுதின தங்கச்சிக்காகச் சொல்கிறேன். பேர் தெரியாததால் 'அந்தப் பிள்ளையின் அம்மா' என்று சொல்கிறேன்.

போன வாரம் அண்ணன் வந்தான், நோட்டீஸ் விஷயமாகப் பேச. வாசலில் நின்றான். எனக்குக் கை நடுங்கியது. உள்ளே வா என்று வாய் சொல்லவில்லை, ஆனால் கதவையும் சாத்தவில்லை. அவனாகவே வந்து, அம்மா கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். 'அம்மா அன்னிக்கு அழுதாங்க' என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் பின்வாசலுக்குப் போய் முருங்கை மரத்தடியில் நின்று, 'ஆண்டவரே, கேட்டீரா, கேட்டீரா' என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. பிறகு உள்ளே வந்து காப்பிக்குப் பால் அடுப்பில் வைத்தேன்.

இன்றைக்குக் காலை ஆராதனையில் 'கடனாளிகளுக்கு' என்கிற இடத்தில் சத்தம் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும். அடுத்ததற்கு மறுபடியும் நின்றுவிட்டது.